குதிரை ஏன் கறுப்பாக விழுந்தது? (ஷட்டர் ஸ்பீட் என்னும் வெளிச்சக் கணக்கு)

நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு மேலே இருக்குமா, இருக்காதா? இன்றைக்குக் கேட்டால் யாராவது மொபைலில் ஸ்லோ மோஷன் எடுத்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். 1870-களில் குதிரை வைத்திருந்த பணக்காரர்களும் ஓவியர்களும் இதை வைத்து வாக்குவாதம் செய்தார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கால் அவ்வளவு வேகம்.

பதில் 1878 ஜூன் மாதம் கிடைத்தது. இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள பாலோ ஆல்டோ. படம் எடுத்தவர் எட்வர்ட் மைப்ரிட்ஜ். சாலி கார்ட்னர் என்ற குதிரை ஓடுவதைக் கட்டம் கட்டமாகக் காட்டும் அந்த அட்டையைப் பார்க்காதவர்கள் குறைவு. சினிமா வரலாறு எழுதும் எவரும் அதில்தான் தொடங்குவார்கள்.

ஆனால் அந்தப் படத்தை இன்னொரு முறை நன்றாகப் பாருங்கள். குதிரை கிட்டத்தட்ட ஒரு கறுப்பு உருவம். அதன் கண் தெரியாது, உடம்பின் மினுமினுப்பு தெரியாது, மேலே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. பகல் வெளிச்சத்தில், கலிஃபோர்னியாவின் கோடை வெயிலில் எடுத்த படம் ஏன் இப்படிக் கறுத்துப் போக வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் ஷட்டர் ஸ்பீட் முழுவதும் புரிந்த மாதிரிதான்.

தனிவட்டிக் கணக்கு

கேமரா என்பது இருட்டுப் பெட்டி. உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் பதிவு செய்யும் ஒரு பரப்பு. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடு, பிறகு ஃபிலிம், இப்போது சென்சார். பெட்டிக்கு ஒரு கதவு உண்டு. அதுதான் ஷட்டர். கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அதுதான் ஷட்டர் ஸ்பீட். பெயரில் 'ஸ்பீட்' இருந்தாலும் உண்மையில் அது நேரத்தின் அளவு.

படம் வெளிச்சமாக வருகிறதா இருட்டாக வருகிறதா என்பதைத்தான் எக்ஸ்போஷர் என்கிறார்கள். இதை முடிவு செய்ய மூன்று பேர் இருக்கிறார்கள். லென்ஸின் துவாரம் எவ்வளவு பெரியது (அபர்ச்சர்), கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது (ஷட்டர் ஸ்பீட்), உள்ளே இருக்கும் பரப்பு எவ்வளவு உணர்ச்சி உள்ளது (ஐ.எஸ்.ஓ.).

குழாய், வாளி என்று உதாரணம் சொல்லித்தான் எல்லோரும் இதை விளக்குவார்கள். காமர்ஸ் படிப்பவர்களுக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு: பள்ளியில் படித்த தனிவட்டி. அசல், காலம், வட்டி விகிதம். மூன்றையும் பெருக்கினால் வட்டி. அபர்ச்சர்தான் அசல், ஷட்டர்தான் காலம், ஐ.எஸ்.ஓ.தான் வட்டி விகிதம். வந்து சேரும் வட்டிதான் படத்தின் வெளிச்சம்.

காலத்தை இரட்டிப்பாக்கினால் வட்டி இரட்டிப்பாகும். அசலைப் பாதியாக்கிக் காலத்தை இரட்டிப்பாக்கினால் வட்டி மாறாது. கேமராவிலும் அதேதான்.

இந்த ஒரு இரட்டிப்பை 'ஒரு ஸ்டாப்' என்கிறார்கள். கேமராவில் ஷட்டர் எண்கள் இந்த வரிசையில் இருக்கும்: 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60, 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1 நொடி. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு நேரம். (60-க்கு இரட்டிப்பு 120 தானே, 125 எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கணக்கு எளிதாக இருக்க உருட்டிய எண்கள் இவை. அந்த வித்தியாசம் படத்தில் தெரியாது.) இப்போதைய கேமராக்களில் நடுவில் இன்னும் சில எண்கள் இருக்கும். அவை மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் குழம்பும் இடம் ஒன்று. திரையில் 125 என்று மட்டும் இருந்தால் 1/125 நொடி என்று பொருள். 2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு இருந்தால் இரண்டு முழு நொடி. அந்த இரண்டு கோட்டைக் கவனிக்காமல் விட்டால் படம் வெள்ளை வெளேர் என்று வரும்.

அபர்ச்சர் எண்கள் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். இதுவும் ஒவ்வொரு ஸ்டாப்தான். ஆனால் எண் கூடக் கூடத் துவாரம் சிறிதாகும். ஐ.எஸ்.ஓ. 100, 200, 400, 800 என்று நேராகவே இரட்டிப்பாகும்.

ஷட்டரை மாற்றியும் படம் மாறவில்லையே?

"ஷட்டர் ஸ்பீடை 1/60-இலிருந்து 1/500 ஆக்கினால் படம் இருட்டாகும் என்றார்கள். ஆக்கிப் பார்த்தால் அப்படியேதானே இருக்கிறது?" இது எல்லோருக்கும் வரும் சந்தேகம். கேமரா 'ஷட்டர் முன்னுரிமை' நிலையில் இருந்திருக்கும். கேனானில் 'டிவி' என்று போட்டிருக்கும், நிக்கானில் 'எஸ்'. அந்த நிலையில் காலத்தைக் குறைத்தால் கேமராவே அசலைக் கூட்டிவிடும். அதாவது துவாரத்தைப் பெரிதாக்கும். தானியங்கி ஐ.எஸ்.ஓ. இருந்தால் வட்டி விகிதத்தையும் ஏற்றும். வட்டி அப்படியே இருக்கும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. துவாரம் முழுவதும் திறந்தாகிவிட்டது, ஐ.எஸ்.ஓ.வும் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது என்றால் கேமராவிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. எண் கண்சிமிட்டி எச்சரிக்கும். அதற்கு மேலும் வேகத்தைக் கூட்டினால் அப்போதுதான் படம் இருட்டும். ஷட்டர் ஸ்பீட் எக்ஸ்போஷரை மாற்றுகிறது என்பது மற்ற இரண்டும் நிலையாக இருக்கும்போது மட்டும் உண்மை.

ஒரு பழைய விதி உண்டு. நல்ல வெயிலில் அபர்ச்சர் 16 வைத்தால், ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ அதைத் தலைகீழாக்கி ஷட்டர் ஸ்பீடாக வைத்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100, கேமராவில் 1/125. ஃபிலிம் காலத்தில் மீட்டர் இல்லாதவர்கள் இதை வைத்தே காலம் தள்ளினார்கள். இதிலிருந்து மற்றவற்றைக் கணக்குப் போடலாம். அபர்ச்சர் 8 என்றால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் அதிகம், ஆகவே 1/500. அபர்ச்சர் 4 என்றால் 1/2000. அபர்ச்சர் 22 என்றால் 1/60.

இந்த நான்கிலும் படத்தின் வெளிச்சம் ஒன்றே. ஆனால் படம் ஒன்றல்ல. கடற்கரையில் நின்று அலையை எடுத்தால் 1/2000-இல் ஒவ்வொரு துளியும் கண்ணாடிச் சில்லு மாதிரி அந்தரத்தில் நிற்கும். 1/60-இல் அதே அலை இழுபட்டுத் தெரியும். வட்டி ஒன்றுதான், ஆனால் அதை எந்த வழியில் சம்பாதித்தோம் என்பது படத்தில் எழுதியிருக்கும்.

பாலோ ஆல்டோவில் நடந்த கணக்கு

இனி குதிரை. மைப்ரிட்ஜுக்குப் பணம் கொடுத்தவர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட். கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர், ரயில்வே முதலாளி, பந்தயக் குதிரைப் பிரியர். 25,000 டாலர் பந்தயம் கட்டினார், அதற்காகத்தான் படம் எடுக்க வைத்தார் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. குதிரைகளைப் பழக்குவதில் அவருக்கு உண்மையிலேயே அக்கறை இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஓடுபாதையின் ஒரு பக்கத்தில் 12 கேமராக்களை 27 அங்குல இடைவெளியில் வரிசையாக வைத்தார் மைப்ரிட்ஜ். பாதையின் குறுக்கே நூல்கள். குதிரை நூலைத் தட்டியதும் மின்சாரத்தால் அந்தந்தக் கேமராவின் ஷட்டர் விடுபடும். எதிர்ப்பக்கம் வெள்ளைப் பின்னணி, அதில் கோடுகள், எண்கள்.

அச்சிட்டு விற்ற அட்டையிலேயே விவரம் இருக்கிறது. குதிரையின் வேகம் ஒரு மைலுக்கு 1 நிமிடம் 40 நொடி. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 1/25 நொடி. ஒவ்வொரு படத்துக்கும் கதவு திறந்திருந்த நேரம் 1/2000 நொடிக்கும் குறைவு.

இந்த எண்களைச் சரிபார்ப்பது எளிது. ஒரு மைல் 1609 மீட்டர், 100 நொடி. ஆக நொடிக்கு 16 மீட்டர். இன்னொரு பக்கம், 27 அங்குலம் என்றால் 68.6 செ.மீ., அதை 25-ஆல் பெருக்கினால் 17 மீட்டர். இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன.

நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் போகும் குதிரையை 1/60-இல் எடுத்திருந்தால், கதவு திறந்து மூடுவதற்குள் குதிரை 27 செ.மீ. நகர்ந்திருக்கும். கால்கள் எங்கே என்றே தெரியாத கஞ்சி மாதிரிப் படம். 1/500 என்றால் 3 செ.மீ. 1/2000 என்றால் 8 மில்லிமீட்டர். முன்னால் வீசும் கால் உடம்பைவிட வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் எங்கே இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் காட்ட மைப்ரிட்ஜுக்கு அந்த 1/2000 தேவைப்பட்டது. வேறு வழியில்லை.

அதற்குக் கொடுத்த விலை என்ன? அவர் பயன்படுத்தியது ஈரக் கொலோடியன் தகடு. 1851-இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய முறை. இன்றைய அளவில் சொன்னால் அதன் உணர்ச்சி ஐ.எஸ்.ஓ. 1-ஐ ஒட்டித்தான் வரும். நூறு அல்ல, ஒன்று! மேலே சொன்ன வெயில் விதியைப் போடுங்கள். ஐ.எஸ்.ஓ. 1, அபர்ச்சர் 16 என்றால் முழுதாக ஒரு நொடி வேண்டும். அபர்ச்சர் 4 என்று வைத்துக்கொண்டால் நான்கு ஸ்டாப் லாபம், 1/16 நொடி. அவர் வைத்ததோ 1/2000. 16, 32, 64, 125, 250, 500, 1000, 2000. எண்ணிப் பாருங்கள், ஏழு ஸ்டாப் பற்றாக்குறை. அதாவது தேவையான வெளிச்சத்தில் 128-இல் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கும்.

லென்ஸைப் பற்றியது வைத்துக்கொண்ட கணக்குதான். ஒரு ஸ்டாப் இப்படியோ அப்படியோ இருக்கலாம். கதை மாறாது. வெயிலில் பளீரென்று இருந்த வெள்ளைப் பின்னணி மட்டும் தகட்டில் பதியும் அளவுக்கு வெளிச்சம் அனுப்பியது. குதிரையின் உடம்பிலிருந்து வந்த வெளிச்சம் போதவில்லை. போதாக்குறைக்குக் கொலோடியன் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும், பழுப்பும் சிவப்பும் அதற்குக் கறுப்பு மாதிரி. குதிரை கறுப்பாக விழுந்ததன் காரணம் இதுதான்.

அவருக்கு அது நஷ்டமாகத் தெரிந்திருக்காது. கேள்வி கால்களைப் பற்றியது. கால்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு நிழலுருவமே போதும். குதிரையின் முகத்தை விற்றுக் காலை வாங்கினார் என்று சொல்லலாம்.

பதிலும் எல்லோரும் நினைத்ததற்கு மாறாக இருந்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன, உண்மை. ஆனால் முன்னங்கால் முன்னேயும் பின்னங்கால் பின்னேயும் நீட்டிக்கொண்டு பறக்கும்போது அல்ல. நான்கும் வயிற்றுக்குக் கீழே மடங்கிச் சேரும்போது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ழெரிக்கோ 1821-இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் இருக்கிறது. அதில் குதிரைகள் நீட்டிப் பறக்கும். அவர் மட்டுமல்ல, எத்தனையோ ஓவியர்கள் அப்படித்தான் வரைந்தார்கள். அத்தனை பேரின் கண்ணும் தவறவிட்டதை ஒரு மரக் கதவு பிடித்துவிட்டது.

பிறகு 1884-இலிருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைப்ரிட்ஜ் மனிதர்களையும் விலங்குகளையும் எடுத்தார். 1887-இல் 781 தகடுகளாக அது வெளியானது. அந்தப் படங்களில் முகம் தெரிகிறது, தசை தெரிகிறது. காரணம் உலர் தகடு. 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் தொடங்கி வைத்த ஜெலட்டின் முறை அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தது. வட்டி விகிதம் ஏறியதால் குறைந்த காலத்திலேயே போதிய வட்டி கிடைத்தது.

நடந்தவர்கள் காணாமல் போன தெரு

வேக ஷட்டர் முகத்தைத் தின்றது என்றால், மெதுவான ஷட்டர் ஆட்களையே தின்றுவிடும்.

1838-இல் பாரிஸில் டாகேர், புல்வார் டு டாம்ப்ள் என்ற தெருவை உயரமான ஜன்னலிலிருந்து எடுத்தார். பகல் நேரம், வண்டிகளும் ஆட்களும் போய்வரும் பரபரப்பான தெரு. ஆனால் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. கதவு பல நிமிடங்கள் திறந்திருந்தது. நடந்தவர்களும் வண்டிகளும் ஓரிடத்தில் பதியும் அளவுக்கு நிற்கவில்லை. கட்டடங்கள் நின்றன, மரங்கள் நின்றன. ஒரே ஒரு ஆள் நின்றார். ஓரத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று பொதுவாக அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பாலிஷ் போட்டவர் அசைந்துகொண்டே வேலை செய்ததால் அவரும் அரைகுறையாகத்தான் தெரிகிறார்.

கொஞ்சம் யோசித்தால் உறுத்தும் விஷயம் இது. நிற்க நேரம் இருந்தவர் வரலாற்றில் பதிந்தார். அவசரமாக வேலைக்குப் போன அத்தனை பேரும் அழிந்துபோனார்கள். யாரும் திட்டமிட்டு அழிக்கவில்லை. தகட்டின் உணர்ச்சியும் கதவு திறந்திருந்த நேரமும் சேர்ந்து அப்படி முடிவு செய்துவிட்டன. "போட்டோ பொய் சொல்லாது" என்பவர்கள் இந்தப் படத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். அது பொய் சொல்லவில்லைதான். ஆனால் யாரைப் பற்றிச் சொல்வது என்பதில் அதற்கு ஒரு பாரபட்சம் இருக்கிறது.

மைப்ரிட்ஜின் கதையிலும் ஒரு மறைவு உண்டு, அதற்கு ஷட்டர் காரணமல்ல. 1882-இல் ஸ்டான்ஃபோர்டின் ஆதரவில் அந்தக் குதிரைப் படங்களை வைத்து ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் என்று ஜே.டி.பி. ஸ்டில்மன் என்ற மருத்துவரின் பெயர். தலைப்புப் பக்கத்தில் மைப்ரிட்ஜின் பெயர் இல்லை. உள்ளே அவர் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒருவர் என்ற அளவில்தான் வருகிறார். இதனால் லண்டன் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை வெளியிடாமல் நிறுத்திவிட்டது. அவர் ஸ்டான்ஃபோர்ட் மீது வழக்குப் போட்டார், தோற்றார். முதல் போட்டவருக்கா, வேலை செய்தவருக்கா பெயர் என்ற கேள்வி 1882-லேயே வந்துவிட்டது. இன்றைக்கு ஸ்டில்மனின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது வேறு விஷயம். :)

மேடையும் மங்கலும்

பழங்கதை போதும் என்பவர்களுக்கு ஒரு நிகழ்காலக் கணக்கு. கல்லூரி ஆண்டு விழா, அரங்கத்துக்குள் நடனம். ஐ.எஸ்.ஓ. 1600, அபர்ச்சர் 2.8, ஷட்டர் 1/125 வைத்தால் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேமராவோடு கொடுக்கும் சாதாரண ஜூம் லென்ஸ், முழுதாக ஜூம் செய்தால் அபர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. இரண்டு ஸ்டாப் போச்சு. அதை ஈடுகட்ட ஷட்டரை 1/30-க்கு இறக்கினால் ஆடுபவரின் கை நான்கு கை மாதிரி வரும். ஐ.எஸ்.ஓ.வை 6400 ஆக்கினால் 1/125 கிடைக்கும், படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். இரண்டில் ஒன்று. இலவசமாக எதுவும் கிடைக்காது. (எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், நாய்ஸ் உள்ள கூர்மையான படத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு சரிசெய்யலாம். அசைந்துபோன முகத்தை மீட்பது கஷ்டம்.)

இங்கே இரண்டு வகை மங்கல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று எடுப்பவரின் கை ஆடுவது. மற்றது எதிரே இருப்பவர் அசைவது. கை ஆடுவதற்குப் பழைய விதி: லென்ஸ் 50 மி.மீ. என்றால் 1/50-க்குக் குறையாமல், 200 மி.மீ. என்றால் 1/200-க்குக் குறையாமல். சின்ன சென்சார் உள்ள கேமரா என்றால் இன்னும் ஒன்றரை மடங்கு. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் இந்த முதல் வகையைத்தான் காப்பாற்றும். எதிரே ஆடுபவரை அது நிறுத்தாது. ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று 1/15-இல் நடனத்தை எடுத்தால் மேடையும் திரைச்சீலையும் அருமையாக வரும், ஆடுபவர் மட்டும் புகையாக இருப்பார்.

ஃப்ளாஷ் போட்டால் கணக்கு கொஞ்சம் மாறும். ஃப்ளாஷின் ஒளி மிகச் சின்ன நேரத்தில் வந்து முடிந்துவிடும். அதனால் ஷட்டரைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஃப்ளாஷ் பட்ட முகத்தின் வெளிச்சம் மாறாது. பின்னணியின் வெளிச்சம் மட்டும் மாறும். கல்யாண வீட்டுப் படங்களில் முகம் பளிச்சென்றும் பின்னால் குகை மாதிரி இருட்டாகவும் இருந்தால், ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும், அலங்கார விளக்குகளும் உள்ளே வந்துவிடும். மிக வேகமாகவும் போக முடியாது. பல எஸ்.எல்.ஆர். கேமராக்களில் 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் ஷட்டர் சென்சார் முழுவதையும் ஒரே சமயத்தில் திறந்து காட்டுவதில்லை, ஒரு கீற்றாக நகர்ந்து போகும். சாதாரண ஃப்ளாஷ் அந்தக் கீற்றில் மட்டும் பட்டு, மீதி இருட்டாகிவிடும்.

இன்னொன்று, டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. 1/1000-இல் எடுத்தால் கேமராவுக்குத் தெரிந்துவிடும். படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழு ஏற்ற இறக்கம் அடங்கிவிடும், பட்டை போய்விடும்.

மொபைலில் பெரும்பாலும் அபர்ச்சரை மாற்ற முடியாது. அசல் நிலையாகிவிட்டது, காலமும் வட்டி விகிதமும் மட்டும் மிச்சம். ராத்திரி நேரத்தில் 'நைட் மோட்' பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கட்டடம் அழகாக வருகிறது. குறுக்கே நடந்து போனவர்? மங்கலாகவோ, பாதி ஆளாகவோ. பாரிஸ் தெரு இன்னும் முடியவில்லை.

காத்திருந்தால் தெரிவது

இவ்வளவு சொன்னதால் மெதுவான ஷட்டர் தப்பு என்று ஆகாது. அருவியை ஒரு நொடி திறந்து வைத்து எடுத்தால் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வரும். ஆனால் பகலில் ஒரு நொடி என்பது அளவுக்கு மீறிய வட்டி. அதைக் குறைக்க லென்ஸ் முன்னால் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி போடுவார்கள். போகும் சைக்கிளோடு சேர்ந்து கேமராவையும் திருப்பியபடி 1/30-இல் எடுத்தால் சைக்கிள் கூர்மையாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். பேனிங் என்பார்கள். பத்து எடுத்தால் ஒன்று தேறும்.

ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1970-களில் சினிமா தியேட்டருக்குள் கேமராவை வைத்து, முழுப் படமும் ஓடி முடியும்வரை ஷட்டரைத் திறந்தே வைத்தார். இரண்டு மணி நேரக் கதை, சண்டை, அழுகை எல்லாம் சேர்ந்து கடைசியில் கிடைத்தது ஒரு வெள்ளைத் திரை. அந்த வெளிச்சத்தில் தியேட்டரின் சுவர் வேலைப்பாடு மட்டும் தெரிகிறது. எல்லாவற்றையும் பதிவு செய்தால் எதுவும் மிஞ்சாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதிர்ப்பக்கம் ஹப்பிள். 1995 டிசம்பர் 18 முதல் 28 வரை, வானத்தில் ஒன்றுமே இல்லை என்று தோன்றிய ஒரு சின்னப் பகுதியைப் பத்து நாள் திரும்பத் திரும்பப் பார்த்தது. 342 படங்கள். எல்லாவற்றையும் சேர்த்தபோது சுமார் 3000 கேலக்ஸிகள் தெரிந்தன. அவசரப்பட்டுக் கதவை மூடியிருந்தால் வெறும் இருட்டுதான்.

(ஃபிலிமில் ஒரு சிக்கல் உண்டு. நேரம் மிக நீண்டால் தனிவட்டிக் கணக்கு பொய்த்துவிடும். காலத்தை இரட்டிப்பாக்கினாலும் பதிவு இரட்டிப்பாகாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நட்சத்திரங்களைப் படம் எடுக்கும்போது இதை ஆராய்ந்தவர் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட். பின்னாளில் கருந்துளைக் கணக்கால் பெயர் பெற்றவர் அவரேதான். டிஜிட்டல் சென்சாரில் இந்தத் தொல்லை இல்லை.)

ஆக, "சரியான ஷட்டர் ஸ்பீட் எது?" என்று கேட்டால் வெளிச்சத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. வெளிச்சம் சரியாக வர நாலைந்து வழி இருக்கிறது. அவற்றில் எதை எடுப்பது என்பது எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதைப் பொறுத்தது. மைப்ரிட்ஜ் முகத்தை விட்டார். டாகேருக்குத் தெருவில் நடந்தவர்களை விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. கேமராவை முழுத் தானியங்கியில் வைத்திருப்பவரும் எதையோ விட்டுக்கொடுக்கிறார். எதை என்பதைத் தொழிற்சாலையில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

செலவில்லாமல் செய்து பார்க்க ஒரு சோதனை. வீட்டுச் சீலிங் ஃபேன். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 1800 டிகிரி. 1/15-இல் எடுத்தால் ஒவ்வொரு இறக்கையும் 120 டிகிரி நகரும், அதாவது மூன்றும் சேர்ந்து வட்டத்தை முழுதாக மூடிவிடும், இறக்கை எத்தனை என்றே சொல்ல முடியாது. 1/60-இல் 30 டிகிரி, விசிறி மாதிரி விரியும். 1/1000-இல் 2 டிகிரிகூட இல்லை, ஃபேன் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். அபர்ச்சரையும் ஐ.எஸ்.ஓ.வையும் கையால் நிலையாக வைத்துவிட்டு, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, மூன்று படமும் எடுங்கள். 1/15-இல் எடுத்தது வெளிறியும் 1/1000-இல் எடுத்தது கறுத்தும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆறு ஸ்டாப் வித்தியாசம். ஃபேன் படம் கறுத்து வந்தால் குதிரை கறுத்த காரணமும் சேர்ந்தே புரிந்துவிடும்.